மூன்று முட்டை, மூன்று பதம்

சனிக்கிழமை காலை சரியாக ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. ஒரே ஒரு தடவை, அழுத்தமாக.

"எச்.எம். வந்தாச்சு," என்றார் டிரைவர், கையைத் துடைத்துக்கொண்டே.

"மணி அடிச்சதை வச்சே சொல்றீங்களா?" என்று கேட்டார் அவர் மனைவி.

"வேற யாரு இப்படி அடிப்பாங்க? முதல் பீரியட் ஆரம்பிச்ச மாதிரி இருக்கு."

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு எச்.எம். என்கிற டிரைவரின் அக்கா எதற்காக வந்திருக்கிறார் என்று தெரியும். இன்றுதான் இந்த வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்காக நாலு வரி.

டிரைவர் இருபத்தாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டியவர். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வையை ஓரத்திலிருந்து அரித்துக்கொண்டே வந்த நோய், நாலு வருடத்தில் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் இன்னும் தெரியும். இப்போது டிப்போவில் விசாரணை போனில் உட்கார்ந்திருக்கிறார். தெரு அவரை இன்னும் டிரைவர் என்றுதான் கூப்பிடுகிறது. அவரும் திரும்புகிறார்.

மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஆறு மாதச் சிறப்புப் பயிற்சிக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். வேறு ஊர். திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ரயில்.

அக்கா, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. விஷயம் காதில் விழுந்ததுமே போன வாரம் தீர்ப்பு எழுதிவிட்டார். "ஆறு மாசமும் அவன் என் வீட்டுல. முன் ரூமை ஒழிச்சு வச்சாச்சு. இதுல பேசறதுக்கு ஒண்ணும் இல்லை."

"பேச வேண்டாம் அக்கா," என்றார் டிரைவர். "சனிக்கிழமை காலைல சாப்பிட வா. நான் தனியா சமைச்சுப் போடறேன். சாப்பிட்டுட்டு அப்புறம் சொல்லு."

"நீயா? என்ன போடுவே?"

"முட்டை."

அந்த முட்டைக்காகத்தான் அக்கா வந்திருந்தார்.

நர்ஸ் கதவைத் திறந்தார். அக்கா உள்ளே வந்த வேகத்தில் நடையில் இருந்த செருப்பு அலமாரியில் டொக்கென்று இடித்துக்கொண்டார். "இதை எதுக்கு நடுவுல வச்சிருக்கீங்க?" என்று அதற்கும் ஒரு திட்டு. பிறகு அடுக்களைக்கு நேரே வந்து, இடுப்பில் கைவைத்து நின்றார்.

"முதல்ல ஒரு விதி. இவ உள்ள வரக்கூடாது. வாயும் திறக்கக்கூடாது."

"நான் இங்கேயே உக்காந்துக்கறேன் அண்ணி," என்று நர்ஸ் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். பத்து நோயாளிகளின் நாடித்துடிப்பை ஒரே நேரத்தில் கவனித்துப் பழகியவருக்கு, அந்த ஒரு அடுப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது பெரும்பாடாக இருந்தது.

பதினோரு நாளாக அந்த வீட்டில் முட்டைக்கு ஓய்வில்லை. முதல் நாலு தரைக்குப் போயின. அடுத்த நாலைந்து கரியாயின. ஐந்தாம் நாள் கட்டைவிரல் சுட்டுக்கொண்டது. எட்டாம் நாள் ஒரு முட்டை முட்டையாகவே தட்டில் வந்து இறங்கியது. அன்றைக்கு டிரைவர் அதை உடனே சாப்பிடாமல், சூடு ஆறும்வரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு எப்படி வேணும்னு சொல்லிடறேன்," என்றார் அக்கா. "திருப்பிப் போடணும். ரெண்டு பக்கமும் வெந்திருக்கணும். மஞ்சள் உடையக்கூடாது."

நர்ஸின் வாய் திறந்து மூடியது. திருப்பிப் போடுவது ஒத்திகையில் இல்லாத பாடம்.

"சரி," என்றார் டிரைவர். "இவளுக்கு மஞ்சள் தளதளன்னு. உனக்குத் திருப்பினது. எனக்கு ஓரம் மொறுமொறுன்னு. மூணு முட்டை, மூணு பதம். நீ அந்தப் பக்கம் தள்ளி நில்லு, கை இடிக்கும்."

"பார்த்துப் போடு."

"அது ஒண்ணுதான் முடியாது. மத்ததெல்லாம் ஆகும்."

அக்கா சிரிக்கவில்லை. மேஜையில் இருந்தவர் சிரித்துவிட்டு, வாய் திறக்கக்கூடாது என்ற விதி நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்.

டிரைவர் அவசரப்படவில்லை. வாணலியை அடுப்பில் வைத்து, கைப்பிடியைத் தன் வலது இடுப்புக்கு நேராகத் திருப்பினார். பேருந்தில் ஏறியதும் கண்ணாடியைச் சரிசெய்கிற அதே நிதானம். அடுப்புத் திருகில் ஒரு துண்டு மருத்துவமனைப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அது மேலே இருந்தால் முழுத் தீ, பக்கவாட்டில் வந்தால் சின்னத் தீ. அது மட்டும் மனைவியின் உபயம். மற்றதெல்லாம் அவராகத் தட்டுத் தடுமாறிக் கண்டுபிடித்தது.

ஒரு சின்னக் கரண்டி எண்ணெய். விரல் நுனியை நனைத்துத் தண்ணீரை ஒரு சொட்டு உதறினார். சுரத்தில்லாமல் முனகியது. காத்திருந்தார். இன்னொரு சொட்டு. இந்தத் தடவை பட்டென்று தெறித்தது.

முட்டையை மேடையின் சமதளத்தில் ஒரு தட்டு. விளிம்பில் தட்டினால் ஓடு உள்ளே போகும் என்பது மூன்றாம் நாள் பாடம். நேராக வாணலியில் ஊற்றாமல் ஒரு கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டார். சுண்டுவிரலை நனைத்து ஓரத்தில் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். ஓடு இல்லை. கிண்ணத்தின் உதட்டை வாணலியில் தொட்டு, சரித்தார்.

சொய்யென்று எழுந்த சத்தம் அடுக்களையை நிறைத்தது.

"இப்ப ஈரச் சத்தம்," என்றார் டிரைவர், தனக்கே சொல்லிக்கொள்வது போல. "ஈரம் போகப் போக இது காஞ்ச சத்தமா மாறும். அப்ப வெள்ளை பிடிச்சுக்கிச்சுன்னு அர்த்தம்."

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஓரத்தில் புகை வருவது போல இருந்தது. தம்பியின் முழங்கைக்குக் கீழே கையை நீட்டி, மூச்சுக்கூட விடாமல், திருகைக் கொஞ்சமே கொஞ்சம் திருப்பினார்.

"அக்கா, கையை எடு."

"நான் எதையும் தொடலையே."

"சத்தம் இறங்கிடுச்சு. பழையபடி வை."

அக்கா முப்பத்து மூன்று வருடம் பிள்ளைகளைக் கையும் களவுமாகப் பிடித்தவர். பிடிபட்டு நிற்பது அவருக்குப் புதிது. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோனார்.

"இன்னும் கொஞ்சம். ம், போதும்."

ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்து மூடி போட்டு, முப்பது எண்ணி, திறந்து, தட்டில் சரித்தார். முதல் முட்டை நடுங்கிக்கொண்டே மேஜைக்குப் போனது. மஞ்சள் அசைந்தது, உடையவில்லை.

இரண்டாவது, அக்காவுடையது. கிண்ணத்தில் ஓட்டுத் துணுக்கு ஒன்று விழுந்திருந்தது. சுண்டுவிரல் கண்டுபிடித்தது. விரலால் எடுக்கப் போனால் வழுக்கிக்கொண்டே போகும். உடைத்த ஓட்டின் பாதியாலேயே அதை அள்ளி எடுத்தார். பிறகு வாணலிக்குள் சரித்து, சத்தம் காயும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டார்.

திருப்ப வேண்டிய நேரம் வந்தது. நர்ஸ் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

டிரைவர் கரண்டியை எடுக்கவில்லை. முட்டையை அப்படியே ஒரு தட்டையான மூடிக்கு வழுக்கிவிட்டார். வாணலியை அதன் மேல் கவிழ்த்தார். துணி சுற்றிய கையால் இரண்டையும் சேர்த்துப் பிடித்து, ஒரே மூச்சில் புரட்டினார். மூடியை எடுத்தார். சொய்.

"இதை எப்பக் கத்துக்கிட்டீங்க?" நர்ஸுக்கு விதி மறந்துவிட்டது.

"இப்பத்தான். அவ கேட்டாளே."

மூன்றாவது அவருடையது. அதன் மஞ்சள் கிண்ணத்திலேயே உடைந்தது. விரல் அதைச் சொன்னதும், "போகட்டும், நம்ம வீட்டு முட்டைதானே," என்று அதையும் ஊற்றி, ஓரம் கருகும் வாசனை வரும்வரை விட்டு எடுத்தார். அடுப்பை அணைத்தார். திருகை இரண்டு தடவை தொட்டுப் பார்த்தார். ரொட்டி, உப்பு, மிளகுத்தூள், தண்ணீர் என்று ஒவ்வொன்றாக அவரே கொண்டுபோய் வைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.

அக்கா தன் முட்டையைக் கத்தியால் வெட்டினார். மஞ்சள் முழுசாக வெந்து இரண்டாகப் பிரிந்தது. ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

"உப்பு கொஞ்சம் கம்மி," என்றார்.

அந்த வீட்டில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. நர்ஸ் நிம்மதியாக மூச்சு விட்டு, ரொட்டியைப் பிய்த்துத் தன் மஞ்சளில் தொட்டார்.

டிரைவர் மட்டும் சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்காவின் கை மேஜைத் துணி மேல் நகர்கிற சத்தம். நின்றது. மறுபடி நகர்ந்தது. தட்டிப் பார்த்துத் தேடுகிற கைக்கென்று ஒரு சத்தம் உண்டு. அதை அவரைப் போல அறிந்தவர் யார்? பிறகு தம்ளர் சாய்ந்து தண்ணீர் கொட்டியது.

"என்ன மேஜை இது, ஆடுது," என்றார் அக்கா.

"மேஜை ஆடலை. உப்பு உன் இடது பக்கம் ஒரு சாண் தள்ளி இருக்கு. நான்தான் வச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சிருந்தா எடுத்திருப்பே." டிரைவர் குரலை உயர்த்தவில்லை. "எத்தனை நாளா அக்கா?"

"எது எத்தனை நாளா? தண்ணி கொட்டினதுக்கெல்லாம் ஒரு விசாரணையா?"

"அந்தச் செருப்பு அலமாரி ஒன்பது வருஷமா அதே இடத்துல இருக்கு. உனக்கும் இடது பக்கத்துலதான் ஆரம்பிச்சிருக்கு, இல்லையா?"

நர்ஸ் ரொட்டியைக் கீழே வைத்தார். நாத்தனாரின் முகத்தை உற்றுப் பார்த்தார். வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கிற முகம்தான்.

அக்கா கொட்டின தண்ணீரைத் தன் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தார். ஒற்றி முடித்த பிறகும் ஒற்றிக்கொண்டே இருந்தார்.

"ஏழு மாசம்," என்றார்.

"யார்கிட்ட காட்டினீங்க?" என்று கேட்டார் நர்ஸ்.

"யார்கிட்டயும் காட்டலை. காட்டினா என்ன சொல்வாங்கன்னு எனக்கே தெரியும். இவன் கூட அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல நாலு வருஷம் உக்காந்து கேட்டதுதானே."

 அக்காவே தொடர்ந்தார். பள்ளிக்கூட மைதானம் முழுக்கக் கேட்கும் அந்தக் குரல் இப்போது மேஜையைத் தாண்டவில்லை.

"முன் ரூமை உனக்காக ஒழிச்சேன்னு சொன்னேன்ல? பாதிதான் நிஜம். நீ கூட இருந்தா, நீ எப்படி நடக்கறே, எப்படிக் குளிக்கறே, சட்டையில எது முன்பக்கம்னு எப்படித் தெரிஞ்சுக்கறே, எல்லாத்தையும் பாத்து வச்சுக்கலாம்னு. கண்ணு இருக்கும்போதே."

டிரைவர் கையை நீட்டினார். அது அக்காவின் மணிக்கட்டில் போய் உட்கார்ந்தது.

"இவ்வளவுதானா? இதைச் சொல்லியே என்னைக் கூப்பிட்டிருக்கலாம்."

"எப்படிடா சொல்றது? நான் உன்னைப் பாத்துக்கணும். அதுதானே முறை."

நர்ஸ் எழுந்துவிட்டார். அந்த வீட்டில் அவர் வேலை பார்க்கும் குரல் அபூர்வமாகத்தான் கேட்கும். இப்போது கேட்டது.

"அண்ணி, நான் சொல்றதைக் கேளுங்க. இவருக்குக் கண்டுபிடிக்கும்போதே முக்கால்வாசி போயிருந்துது. உங்களுக்கு அப்படி இல்லை. கத்தியால முட்டையைச் சரி பாதியா வெட்டறீங்க. போனது திரும்பாது, ஆனா இருக்கறதைக் காப்பாத்த வழி இருக்கு. சொட்டு மருந்துலயே நின்னாலும் நிக்கும். ஏழு மாசத்தை விட்டுட்டீங்க. எட்டாவது மாசத்தை நான் விடறதா இல்லை."

சொல்லிக்கொண்டே போனை எடுத்துக்கொண்டு நடைக்குப் போனார். அங்கிருந்து அவர் பேசுவது கேட்டது. வயது, குடும்பத்தில் யாருக்கு, எந்தக் கண். மூன்றே நிமிடம். திரும்பி வந்தார்.

"திங்கக்கிழமை காலைல பதினொரு மணி. அதுக்கு முன்னாடி இடம் இல்லையாம்." கையிலிருந்த போனைப் பார்த்தார். "என் ரயில் ஒன்பதரைக்கு. நான் வேணா ஒரு நாள் கழிச்சு..."

"நீ ஒரு நாளும் கழிக்க வேண்டாம்," என்றார் டிரைவர். "ஒன்பதரைக்கு உன்னை ஏத்திவிட்டுட்டு, ஸ்டேஷன்லேர்ந்தே நானும் அக்காவும் போயிடறோம்."

"நீ என்னைக் கூட்டிட்டுப் போறியா?" என்றார் அக்கா.

"ஏன்? அந்த ஆஸ்பத்திரில எந்தக் கதவு ஒட்டிக்கும், எந்த நர்ஸு எரிஞ்சு விழும், எல்லாம் எனக்கு மனப்பாடம். நீ கூட்டத்துல வழி சொல்லு, நான் உள்ள வழி சொல்றேன்."

அக்கா முகத்தில் அந்தக் காலையின் முதல் சிரிப்பு வந்தது. தம்பி அதைப் பார்க்கவில்லை. மூச்சு மாறியதில் தெரிந்துகொண்டார்.

அப்புறம் அவர் கேட்ட கேள்வியில் அது போய்விட்டது.

"இன்னிக்கு எப்படி வந்தே?"

அக்கா கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"கார்லதானே வந்தே?"

"பக்கம்தானேடா. பழகின ரோடு."

"எனக்கும் அது பழகின ரோடுதான்." டிரைவர் தன் தட்டைத் தள்ளி வைத்தார். "இது இவளுக்குக்கூட நான் சொன்னதில்லை. கண்ணு சரியில்லைன்னு தெரிஞ்ச பிறகும் எட்டு வாரம் பஸ் ஓட்டினேன். யார்கிட்டயும் சொல்லலை. சமாளிச்சிடலாம்னு நினைச்சேன். ஒரு நாள் மழை. ஸ்டாப்புல நின்னுட்டிருந்த ஒருத்தர் கையிலேர்ந்து குடையை வண்டி பிடுங்கிட்டுப் போயிடுச்சு. எனக்குத் தெரியவே இல்லை. கண்டக்டர் கத்தினப்புறம்தான் நிறுத்தினேன். குடை மட்டும்தான் போச்சு. அவர் ஒரு முழம் முன்னாடி நின்னிருந்தா?"

நர்ஸ் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர் கேட்டிராத கதை. அதைப் பற்றிக் கேட்க அவருக்கு நிறைய இருந்தது. இது அதற்கான நேரம் இல்லை என்றும் தெரிந்தது.

"அன்னிக்கு மத்தியானமே சாவியைக் கொண்டுபோய் டிப்போ மேஜைல வச்சேன்.  அன்னிக்கு ராத்திரிதான் ஒழுங்காத் தூங்கினேன்." டிரைவர் உள்ளங்கையை விரித்து மேஜை மேல் வைத்தார். "கொடு."

 கைப்பை ஜிப் திறந்தது. சாவி அவர் உள்ளங்கையில் விழுந்தது, வெளியே எடுத்தும் விட மனமில்லாமல் பிடித்திருந்த சூட்டோடு.

"பதினாறு வருஷமா ஓட்டறேன்," என்றார் அக்கா. "ஒரு கீறல் கிடையாது."

"அந்தப் பேரோடயே முடிச்சுக்கோ."

நர்ஸ் சாவியை வாங்கிக்கொண்டார். "நடுவுல நிறுத்தியிருப்பீங்க. நான் போய் ஓரமா விட்டுட்டு வரேன்," என்று வெளியே போனார்.

அக்கா மூன்று தட்டுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினார். "ஆறு மாசமும் நீ இங்கயே இரு," என்றார். "நான் வேணா இங்க வந்து கொஞ்ச நாள் தங்கறேன். முட்டை உன் பொறுப்பு. டீ நான் போட்டுக்கறேன், நீ போடற டீயை மனுஷன் குடிக்க முடியாது."

"நல்லதாப் போச்சு. கத்துக் கொடுத்துட்டுப் போ."

கார் கிளம்பிய சத்தம் கேட்கவேயில்லை. வாசலில் நர்ஸின் காலடி திரும்பி வந்தது. போனதை விட மெதுவாக.

"அண்ணி, காருக்கு இடது பக்கத்துல என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சு?"

"முன் விளக்கு உடைஞ்சிருக்கு. பம்பர் உள்ள மடங்கியிருக்கு. அதுல நீலப் பெயின்ட் ஒட்டியிருக்கு. இரும்புக் கேட்டோட பெயின்டா, சைக்கிளோடதான்னு தெரியலை. கண்ணாடித் துண்டு இன்னும் உதிர்ந்துட்டிருக்கு. பழசு இல்லை."

அக்கா கையிலிருந்த தட்டுகளை மேஜையில் வைத்துவிட்டார்.

"நேத்து நல்லாத்தான் இருந்துது," என்றார். பிறகு, நிறுத்தி நிறுத்தி, "வரும்போது ஒரு இடத்துல டொக்குன்னு கேட்டுது. பள்ளம்னு நினைச்சேன். பள்ளம்தானே இருக்கும்?"

"எங்கே?" என்றார் டிரைவர்.

"பால் பூத்து தாண்டி. ஆத்தோரமா ரோடு வளையுமே, அங்க."

"எத்தனை மணிக்கு?"

"ஏழடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்."

"இப்ப?"

"எட்டு அஞ்சு," என்றார் நர்ஸ். அவர் ஏற்கெனவே அலமாரியைத் திறந்து முதலுதவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

டிரைவர் எழுந்து, கதவுக்குப் பின்னால் இருந்த கோலை எடுத்தார். "அந்தக் காரைத் தொட வேண்டாம், அப்படியே இருக்கட்டும். எட்டுப் பதினஞ்சுக்கு முனையில ஒரு பஸ் வரும். வளைவுக்கு முந்தின ஸ்டாப்புல இறங்கிடலாம்."

"தம்பி." அக்கா எழுந்திருக்கவில்லை. "அங்க யாராவது இருந்தா?"

"இருந்தா, நாம போய் நிப்போம். இல்லைன்னா, என்னத்தை இடிச்சோம்னு தெரிஞ்சுக்கிட்டு வருவோம். இங்க உக்காந்திருந்தா ரெண்டும் இல்லை. எழுந்திரு."

அக்கா எழுந்தார். நடையில் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டு, தம்பியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு வருடமும் தம்பி பிடித்துக்கொள்ள அவர்தான் முழங்கை கொடுத்துக்கொண்டிருந்தார். பிடித்துக்கொள்வது இதுதான் முதல் தடவை.

டிரைவர் கதவைத் திறந்து கோலால் வாசலைத் தொட்டார்.

"மூணு படி," என்றார். "எண்ணிக்கிட்டே இறங்கு."